ஒரு தட்டு பாக்கி

மாப்பிள்ளை நெட்டையனுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி ஒரே ஒரு தட்டு. காசாக எதுவும் இல்லை. கால்வாயில் இறங்கி வேலை செய்கிறவர்களுக்குள் இப்படி ஒரு கடன் உண்டு. வெளியாட்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

நகரத்துக்கு நடுவில் ஓடும் அந்தக் கால்வாய் ஓரிடத்தில் பூமிக்குள் நுழைந்துவிடும். அதற்கு மேல் சாலை, சாலைக்கு இரண்டு பக்கமும் கடைகள். கீழே அடைத்துக்கொண்டு, வளைந்து, இருட்டாகப் போகும் அந்தச் சுரங்கத்துக்கு வேலையாட்கள் வைத்த பெயர் குடல். அதன் இடது சுவரோடு ஒரு பழைய இரும்புக் குழாய் மேல்வாயிலிருந்து கீழ்வாய் வரை ஓடுகிறது. எதற்காகப் போட்டார்களோ, இப்போது அதில் ஓடுவது சத்தம் மட்டும். சேறு அள்ள உள்ளே போகிறவன் கீழ்வாயில் நின்று மண்வெட்டியால் குழாயில் தட்டிவிட்டுத்தான் போக வேண்டும். வெளியே வந்ததும் மறுபடி தட்ட வேண்டும். ஒருவன் தட்டு மாதிரி இன்னொருவன் தட்டு இருக்காது, கைரேகை மாதிரி. வெகுதூரத்தில், மேல்வாயில், மதகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மேஸ்திரி குழாயில் காதை வைத்திருப்பார். உள்தட்டு கேட்டதும் அந்த ஆளுக்கு ஒரு கூழாங்கல்லைத் தகர டப்பாவில் போடுவார். வெளித்தட்டு கேட்டதும் அந்தக் கல்லை எடுத்துவிடுவார். டப்பா காலியானால்தான் மதகைத் தூக்கித் தண்ணீரை விடுவார். கண்ணை விடக் குழாயைத்தான் நம்புவார். சேற்றோடு வெளியே வருகிற முகத்தில் எவன் எவனென்று யாருக்குத் தெரியும் என்பார்.

சீக்கிரம் நழுவ நினைக்கிறவன் கூட்டாளியிடம் சொல்லிவிட்டுப் போவான், என் தட்டையும் நீயே தட்டிடு என்று. கூலி பிடிக்க மாட்டார்கள். இன்னொரு நாள் அவன் இவனுக்குத் தட்டுவான். அதுதான் கடன்.

இன்றைக்குக் காலையில் எல்லாரும் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். பூட்ஸுக்குள் துணி சுற்றிக்கொண்டிருந்ததால் அவன்தான் கடைசி. உயரமானவன் என்பதால் அவனை நெட்டையன் என்று கூப்பிடுவார்கள். அவனுடைய தட்டு: ஒன்று, மூச்சு வாங்குகிற மாதிரி ஓர் இடைவெளி, பிறகு இரண்டு. தட்டினான். குழாயின் அதிர்வு அடங்குகிறதா என்று பார்க்க, எல்லாரும் செய்வது மாதிரி, உள்ளங்கையை அதன் மேல் வைத்தான். அதிர்வு அடங்கியது. பிறகு கைக்குக் கீழே குழாய் மறுபடி துடித்தது.

மூன்று. வேகமாக, மெல்ல. நேரம் கழித்து வீட்டுக்கு வந்தவன் அக்கம்பக்கம் எழுந்துவிடாமல் கதவைத் தட்டுவது மாதிரி.

அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். சட்டைகள் தொங்கும் ஆணி வரிசையும், கை கால் கழுவும் தண்ணீர்க் குழாயும்தான் இருந்தன. பாலத்தின் மேல் சனங்கள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

சில வருஷத்துக்கு ஒரு தடவை கால்வாயை வடிக்கும்போது நகரமே வந்து எட்டிப் பார்க்கும். மற்ற நாளில் அதன் அழகைப் படம் எடுத்து நாட்காட்டியில் போடுகிறவர்கள், பிஸ்கட் டப்பாவில் அச்சடிக்கிறவர்கள், அன்றைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு அதன் வயிற்றைப் பார்க்க வருவார்கள். உப்பும் விறகும் செங்கல்லும் ஏற்றிய படகுகள் போன காலத்தில் இந்த ஊர் வளர்ந்ததே அந்தத் தண்ணீரால்தான். ரயில் வந்த பிறகு வேண்டாததைப் போடும் இடமாகிவிட்டது. சைக்கிள், தையல் மிஷின், கடைப் பலகை, கட்டில் கால். நகரத்துக்கு மறக்க வேண்டியது எதுவோ அதெல்லாம் அதற்குள் இருந்தது. சேறு எதையும் மறுப்பதில்லை. எப்போது திருப்பிக் கொடுப்பது என்பதை மட்டும் அது தன் கையில் வைத்துக்கொள்ளும்.

போன தடவை வடித்தபோது மாப்பிள்ளையும் கூட இருந்தான். மாப்பிள்ளை என்றால் தங்கையைக் கட்டியவன். சிரித்தே கடன் வாங்குவான், சிரித்தே கொடுக்காமல் விடுவான். அவனுடைய தட்டுதான் அந்த மூன்று. அன்றைக்கு மத்தியானம் அருகில் வந்து தோளைத் தொட்டான்.

"மச்சான், நான் கொஞ்சம் முன்னாடியே நழுவிடுறேன். என்னோடதையும் சேர்த்துத் தட்டிடுங்க."

"எங்க போற?"

"உங்க தங்கச்சிக்குத் தெரியாத இடத்துக்குத்தான்."

சாயங்காலம் நெட்டையன்தான் கடைசியாக வெளியே வந்தான். தன் தட்டைத் தட்டினான். மாப்பிள்ளைக்கு மூன்று தட்டினான். மற்றவர்கள் கழுவிக்கொண்டு போயிருந்தார்கள். தட்டினவன் அங்கே நிற்பதில்லை. கொஞ்ச நேரத்தில் குழாயில் மறுபடி மூன்று கேட்டது. மாப்பிள்ளை மேல்வாயில் நின்று தானும் தட்டுகிறான் பார், கிறுக்கன் என்று நெட்டையன் சிரித்துக்கொண்டே முகம் கழுவினான். மதகுச் சங்கிலி ஓட ஆரம்பித்திருந்தது. சட்டையை எடுக்கத் திரும்பினான். ஆணிகளில் இரண்டு சட்டைகள் இருந்தன.

அவன் கத்தவில்லை. கத்தினாலும் அவ்வளவு தூரம் கேட்டிருக்காது என்று அதற்குப் பிறகு தினமும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். குடல் நுரை கக்கும்வரை நின்றிருந்துவிட்டு, இரண்டு சட்டைகளையும் எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் மேஸ்திரி அலுத்துக்கொண்டார்.

"உன் மாப்பிள்ளைக்கு ஒரு தடவை தட்டினாப் பத்தாதா? மதகு தூக்கினப்புறமும் தட்டிக்கிட்டே இருந்தான்யா. விளையாட்டுக்கு ஒரு அளவு வேண்டாம்?"

கடன்காரர்களுக்குப் பயந்து ஓடிப்போய்விட்டான் என்று ஊர் சொன்னது. நெட்டையனும் ஆமாம் என்றான். தங்கை அழுதாள், பிறகு திட்டினாள், பிறகு அண்ணன் வீட்டு மாடியறைக்குக் குடிவந்தாள். ஓடிப்போனவன் பேச்சை எடுத்தாலே வாயில் வண்டை வண்டையாக வரும். ஆனால் ராத்திரி கதவுக்குத் தாழ்ப்பாள் போட மாட்டாள். துருப்பிடித்துப் போச்சு, இழுக்க முடியவில்லை என்பாள். அதற்கு எண்ணெய் போட்டவன் நெட்டையன்தான். சுண்டு விரலால் இழுத்தால் வரும்.

இன்று காலை வாசல்வரை வந்தவள் சொன்னாள்: "அந்த ஓடுகாலியோட செருப்பு கிருப்பு கிடைச்சா, எடுத்துட்டு வராதண்ணே. அங்கேயே மிதிச்சுட்டு வா."

சொல்லிவிட்டு அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதனால்தான் வளைவுக்கு அப்பால் இருக்கும் கடைசிப் பங்கை அவன் கேட்டு வாங்கியிருந்தான். யாரும் விரும்பாத பங்கு. மாப்பிள்ளை இடுப்பில் பித்தளைக் கொக்கி வைத்த வார் கட்டியிருந்தான், அவள் வாங்கிக் கொடுத்தது. அது வேறொருவன் மண்வெட்டியில் மாட்டினால் போதும். உள்ளேயே கிடந்தவனுக்கு வெளித்தட்டு தட்டியது யார் என்ற கேள்வி வரும். கேள்வி மாடியறைவரை போகும். இருக்கிறது ஒரே தங்கை. அவள் கண்ணுக்கு முன்னால் அந்தக் கேள்வி போய் நிற்பதற்குள் அவன் கண்டுபிடித்துவிட வேண்டும். கண்டுபிடித்து, சாக்கில் கட்டி, சேற்றோடு சேறாக லாரியில் ஏற்றிவிட வேண்டும். சாக்கைக் காலையிலேயே இடுப்பில் செருகியிருந்தான்.

குடலுக்குள் நடந்தான். முதல் பகுதியில் மற்றவர்களின் தலைவிளக்குகள் அங்கங்கே ஆடின. வாயன் என்று பெயர் வாங்கிய ஆள் சேற்றிலிருந்து ஓர் இரும்புப் பெட்டியைப் புரட்டிப்போட்டுக் கொண்டிருந்தான். கதவு பிளந்திருந்தது, உள்ளே வண்டல்.

"பணத்தை எடுத்துக்கிட்டு பெட்டியை நமக்கு விட்டிருக்கானுங்க, தர்மப் பிரபுக்கள்," என்றான். பிறகு நெட்டையனைப் பார்த்து, "என்ன, யாரோ கூட வராங்கன்னு நினைச்சேன். நீ தனியாவா வர?" என்றான்.

நெட்டையன் தாண்டிப் போனான். வாயனின் சிரிப்பு கொஞ்ச தூரம் கூட வந்து நின்றுவிட்டது.

வளைவைத் தாண்டியதும் வெளிச்சம் அவனுடையது மட்டும். காற்றில் ஊறிய இலை, எரிந்த எண்ணெய், ஈரச் செங்கல், அதற்கெல்லாம் அடியில் பூட்டியே வைத்திருந்த அலமாரியைத் திறந்தால் வருமே அப்படி ஓர் இனிப்பு நாற்றம். சாலையில் பதித்த கம்பிச் சல்லடை வழியாக ஓரிடத்தில் சாம்பல் நிறத்தில் வெளிச்சம் விழுந்தது. அதன் கூடவே மேலே நடக்கிறவர்களின் செருப்புச் சத்தமும், ஏதோ கடையில் பேரம் பேசும் குரலும் கிணற்றுக்குள் விழுவது மாதிரி விழுந்தன. தலைக்கு மேல் கூரை முழுக்கக் குழிகள். துடுப்புப் போட இடமில்லாத இந்த இடத்தில் அந்தக் காலப் படகுக்காரர்கள் சரக்கின் மேல் மல்லாந்து படுத்து, கூரையைக் குதிகாலால் உதைத்து உதைத்துத்தான் படகை நகர்த்துவார்களாம். எத்தனையோ பேர் குதிகால் பட்டுத் தேய்ந்த செங்கல். தண்ணீர் வடிந்ததில் எல்லாம் காய்ந்து, வெளுத்து, சுத்தமாக இருந்தன.

அவன் குனிந்து வேலையைத் தொடங்கினான். வெட்டுவான், கையால் துழாவுவான், அடுத்த அடிக்கு நகர்வான். ஒரு பொம்மையின் தலை வந்தது. ஒரு பூட்டு வந்தது, சாவி அதிலேயே இருந்தது. பித்தளை மட்டும் வரவில்லை. பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது. துடைத்தான். கொஞ்சம் நகர்ந்ததும் இன்னொன்று. கையில் பார்த்தால் சேற்றுத் தண்ணீர். காய்ந்த கூரையிலிருந்து எப்படிச் சொட்டுகிறது என்று யோசிக்க வேண்டாம் என்று நினைத்தான். யோசித்தால் நிமிர வேண்டும்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவன் போகவில்லை. மற்றவர்கள் பேச்சு தூரத்தில் முணுமுணுத்து அடங்கியது. எதிர்ப்படகுக்கு வழி விட ஒதுங்குவதற்காகச் சுவரில் குடைந்த மாடம் ஒன்று அங்கே உண்டு, ஓர் ஆள் உட்காரும் அளவு. வேலையிலிருந்து நழுவுகிறவர்களில் சிலர் அதில்தான் கண்ணயர்வார்கள். அதன் ஓரத்தில் வெளிச்சம் பட்டபோது ஒரு மண்வெட்டி தெரிந்தது.

சேற்றில் புதைந்து கிடக்கவில்லை. சுவரில் சாய்த்து வைத்திருந்தது. பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. கை வழுக்காமல் இருக்கட்டும் என்று மாப்பிள்ளை சுற்றியது. அதற்காக நெட்டையன் தன் சைக்கிளின் பழைய டியூபைக் கொடுத்திருந்தான். இத்தனை வருஷம் தண்ணீருக்கடியில் கிடந்த இரும்பில் துரு இல்லை. தினமும் புழங்குகிற மண்வெட்டி மாதிரி விளிம்பு மின்னியது.

அதற்கு மேலே குழாய். மேல்வாயிலிருந்து கீழ்வாய் வரை கறுத்து, பொருக்கு தட்டி ஓடும் அந்தக் குழாயில் அந்த இடம் மட்டும் தேய்த்து வைத்த பாத்திரம் மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. நடுவில் மூன்று பள்ளங்கள், விரல் நுனி உட்காரும் ஆழத்துக்கு. ஒரு சாயங்காலம் தட்டினால் இரும்பு அப்படிக் குழியாது.

ஓடிவிட வேண்டும் என்றுதான் கால் சொன்னது. ஆனால் இடம் இதுதான் என்று தெரிந்துவிட்டது. இங்கேதான் இருப்பான். இப்போது விட்டுவிட்டுப் போனால் நாளைக்கு வாயன் வந்து தோண்டுவான். மாடத்துக்கு எதிரே முழங்காலிட்டு அவன் தோண்ட ஆரம்பித்தான். மூச்சு பெரிதாகக் கேட்டது. நிறுத்திக் கேட்டான். நின்றது. தோண்டினான். மறுபடி கேட்டது. தன் மூச்சுதான், வேறென்ன.

எவ்வளவு நேரம் தோண்டினான் என்று தெரியவில்லை. மேல்வாயில் ஊதல் ஊதியது. வேலை முடிந்தது, எல்லாரும் வெளியேறலாம். வளைவுக்கு அப்பால் மண்வெட்டிகள் உரசும் சத்தம், இருமல், காலடிகள், எல்லாம் கீழ்வாய்ப் பக்கமாகக் கரைந்து போயின.

மாடத்தின் உட்புறம் மட்டும் பாக்கி. இன்னும் கொஞ்சம்தான். அவசரமில்லை என்று சொல்லிக்கொண்டான். அவன் வெளியே போய்த் தட்டாமல் அவன் கல் டப்பாவிலேயே கிடக்கும். கல் கிடக்கும்வரை மேஸ்திரி மதகைத் தொட மாட்டார். சாமத்துக்குப் போய்த் தட்டினாலும் அதுவரை காத்திருப்பார், திட்டிக்கொண்டே.

குழாயில் வெளித்தட்டுகள் வர ஆரம்பித்தன. நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று: அது வாயன். இரண்டும் ஓர் உரசலும்: லாரியில் அள்ளிப் போடுகிறவன். ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கல் டப்பாவிலிருந்து எழுந்து போவதை அவன் மனதுக்குள் பார்த்தான். கடைசித் தட்டும் வந்து ஓய்ந்தது. இனி மேஸ்திரி அவனுக்காகத்தான் காத்திருக்கிறார். ஒரே ஒரு கல்.

விளக்கை மாடத்துக்குள் காட்டினான்.

எலும்பு இல்லை. வார் இல்லை. சேறு இருந்தது, அதில் ஒரு பள்ளம். முதுகு சாய்ந்த அச்சு. தொடைகளின் அச்சு. ஊன்றி எழுந்த கையின் அச்சு, ஐந்து விரலோடு. வெகுகாலம் உட்கார்ந்திருந்த ஒருவன் இப்போதுதான் எழுந்து போன மாதிரி. ஓரங்கள் இன்னும் சரிந்து விழவில்லை. விரல் பள்ளங்களில் தண்ணீர் மெல்ல ஊறிக்கொண்டிருந்தது.

அவன் கையைச் சுவரில் ஊன்றி எழப் பார்த்தான். கை குழாயில் பட்டது.

குழாய் துடித்தது.

ஒன்று.

மூச்சு வாங்குகிற மாதிரி ஓர் இடைவெளி.

இரண்டு.

அவனுடைய தட்டு. அவன் கையால் தட்டினது போலவே. கீழ்வாயிலிருந்து.

"இல்ல," என்றான். யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் சொன்னான். "நான் இங்க இருக்கேன்."

தன் மண்வெட்டியை எடுத்துக் குழாயில் அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தான். ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு, பிறகு தாளமே இல்லாமல். அந்த வெள்ளை இடத்தில்தான் அடி விழுந்தது. அந்தப் பள்ளங்களில்தான் விளிம்பு போய் உட்கார்ந்தது. மேஸ்திரி கேட்டுக்கொண்டிருப்பார். நெட்டையனுக்கும் விளையாட்டு வந்துவிட்டது என்று தலையை ஆட்டிக்கொள்வார். டப்பா காலி.

சங்கிலி ஓட ஆரம்பித்தது.

முதலில் காற்று வந்தது. குளிர்ந்த, கனமான காற்று, சுரங்கத்தின் மூச்சைத் தள்ளிக்கொண்டு. அவன் கீழ்வாய்ப் பக்கம் ஓடத் திரும்பினான். சேறு முழங்கால்வரை பிடித்தது. ஒரு காலை உருவினான். மற்றொன்று வரவில்லை. மாடத்துச் சுவரில் கை தேடியது, பிடித்துக்கொள்ள ஏதாவது. சாய்த்து வைத்திருந்த மாப்பிள்ளையின் மண்வெட்டி அங்கே இல்லை.

பிடரியில் ஒரு சொட்டு.

இந்தத் தடவை நிமிர்ந்து பார்த்தான்.

கூரையில் ஈரம். காய்ந்து வெளுத்த செங்கல்லில், பழைய குழிகளுக்குள், ஒன்றுவிட்டு ஒன்றாக, புதிதாகப் பதிந்த குதிகால் தடங்கள். மாடத்துக்கு நேர் மேலே தொடங்கி, காலையிலிருந்து அவன் குனிந்து வேலை செய்த இடங்களுக்கெல்லாம் மேலாகப் போய், வளைவில் திரும்பி. கீழ்வாய்ப் பக்கமாக. ஒவ்வொரு தடத்திலிருந்தும் சேற்றுத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஆணியில் ஒரே ஒரு சட்டைதான் தொங்கும். நெட்டையனுடையது. அதை எடுத்துப் போட்டுக்கொண்டு போக ஆள் இருக்கிறது.

தண்ணீரின் சத்தம் மாடத்தை நெருங்கிவிட்டது. அவன் இப்போது அடிக்கவில்லை. தாழ்ப்பாள் இல்லாத அந்தக் கதவை நினைத்துக்கொண்டிருந்தான். சுண்டு விரலால் இழுத்தால் வரும், இழுக்க மாட்டாள். மூன்று தட்டுத்தான். வேகமாக, மெல்ல. கேட்டதும் அவள் எழுந்துவிடுவாள். திட்டுவாள். திட்டிக்கொண்டே விளக்கைப் போடுவாள்.

தலைவிளக்கின் வெளிச்சத்தில் கூரைத் தடங்கள் ஒவ்வொன்றாக மின்னின. வாங்கின தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பாக்கி எதுவும் வைக்காமல், மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான்.